ஏரி பெரிது, துறை சிறிது

போன ஞாயிறு காலை ஆறரை மணிக்கு, பெங்களூருவுக்குக் கிழக்கே உள்ள ஹொசகோட்டை ஏரிக்கரையில் நின்று இருசக்கர வண்டிகளை எண்ணினேன். நாற்பத்தொன்றில் விட்டுவிட்டேன். ஏரி கண்ணுக்கு எட்டிய தூரம் விரிந்து கிடந்தது. கரையும் நீளமானதுதான். ஆனால் அத்தனை வண்டிகளும் அவற்றில் வந்தவர்களும், பரிசலைக் கரையேற்றும் சரிவில், ஒரு கல்யாண மண்டபத்து வாசல் அளவு இடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். தூண்டிலை ஓங்கி வீசினால் பக்கத்து ஆளின் காதில் முள் மாட்டும். முகக்கவசங்கள் பெரும்பாலும் தாடையில் இருந்தன. இரவு போட்ட வலையை எடுத்துக்கொண்டு திரும்பிய பரிசல்காரர் ஒருவர், முழங்கால் தண்ணீரில் மீன்கூடையோடு நின்று கன்னடத்தில் வழி கேட்டார், பிறகு தெலுங்கில் கேட்டார், கடைசியில் என்னைப் பார்த்துத் தமிழில் கேட்டார். மூன்று மொழிக்கும் யாரும் நகரவில்லை.

அன்று தூண்டிலைப் பையிலிருந்து எடுக்காமலேயே அல்சூருக்குத் திரும்பிவிட்டேன். வழியில் அக்கா மகனிடமிருந்து அழைப்பு. "மாமா, ராடு வந்துவிட்டது. எங்கே போகலாம்?" அவனுக்கு இருபத்தாறு வயது. பதினாறு மாதமாகப் படுக்கையறையே அலுவலகம். முதல் தவணை கொரோனா ஊசி போட்டாகிவிட்டது. ஊரடங்கில் எல்லோரும் புளித்த மாவில் ரொட்டி சுட்டு அலுத்தபின், இப்போது தூண்டிலுக்கு வந்திருக்கிறார்கள் போலும். அவனுக்குப் பதிலாக எழுத ஆரம்பித்தது நீண்டுவிட்டது. அவனைப் போல இந்த 2021 ஜூலையில் பெங்களூருவில் தூண்டிலும் கையுமாக யோசித்துக்கொண்டிருக்கும் மற்றவர்களுக்கும் உதவட்டும்.

இடத்தைத் தேர்ந்தெடுக்க எல்லோரும் முதலில் கேட்பது, ஏரி எவ்வளவு பெரிது என்பதைத்தான். அது இந்தக் காலத்துக்கு உதவாத கேள்வி. கூட்டம் தண்ணீரில் கூடுவதில்லை, துறையில் கூடுகிறது. வண்டி நிறுத்தும் இடம், வேலியில் உள்ள ஒரே வாசல், பரிசல் இறங்கும் சரிவு, மீன் நிறுக்கும் தராசு, டீக்கடை ஆகிய ஐந்தும் எவ்வளவு அகலமோ அவ்வளவுதான் அந்த ஏரி. இரண்டு வாரத்துக்கு முன் நந்தி மலையில் நடந்ததைப் பார்த்தோம். ஜூலை 5-இல் வார இறுதி ஊரடங்கு நீங்கியது. அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை ஊரே மலைக்குக் கிளம்பியது. மேலே இடத்துக்குப் பஞ்சமில்லை. மலைப்பாதை ஒன்றுதான், அதில் வண்டிகள் அடைத்துக்கொண்டன. விளைவாக வெள்ளி மாலையிலிருந்து திங்கள் காலை வரை யாருக்கும் அனுமதியில்லை என்று சிக்கபள்ளாபூர் மாவட்ட நிர்வாகம் கதவைச் சாத்திவிட்டது.

அமெரிக்காவிலும் சென்ற ஆண்டு இதே கூத்துதான். அங்கே படகை வண்டிக்குப் பின்னால் இழுத்து வந்து, தண்ணீருக்குள் இறங்கும் சிமெண்ட் சரிவில் விடுவார்கள். அதை ராம்ப் என்பார்கள். 2020-இல் மட்டும் 5 கோடியே 47 லட்சம் பேர் அங்கே மீன் பிடிக்கப் போனதாகக் கணக்கு. பெருந்தொற்றில் திரையரங்கும் கிடையாது, பள்ளியும் கிடையாது, வேறு எங்கே போவார்கள்? நடுஏரியில் படகுக்கும் படகுக்கும் கூப்பிடு தூரம் இருக்கும். ஆனால் சரிவில் வரிசை, வண்டி நிறுத்துமிடத்தில் வரிசை. வாஷிங்டன் மாநிலம் 2020 மார்ச் கடைசியில் பொழுதுபோக்கு மீன்பிடியையே நிறுத்தி, மே 5-இல்தான் திறந்தது. மிச்சிகன் மீன் பிடிப்பதை விட்டுவிட்டு இயந்திரப் படகை மட்டும் ஏப்ரல் 9-இல் தடுத்தது. ஜனங்கள் கொந்தளித்தார்கள், இரண்டே வாரத்தில் அந்தத் தடை போயிற்று. நம்மிடம் சிமெண்ட் சரிவும் இல்லை, இழுத்துவரும் படகும் இல்லை. பரிசல் துறை இருக்கிறது. அதுவும் நமக்காக ஏற்பட்டதில்லை, அதை வைத்துப் பிழைப்பவர்களுக்காக ஏற்பட்டது.

இனி இடங்களுக்கு வருகிறேன். வீட்டிலிருந்தே தொடங்குவோம்.

அல்சூர் ஏரி எங்கள் தெருவிலிருந்து பத்து நிமிட நடை. ஏறக்குறைய 50 ஹெக்டேர் தண்ணீர், நடுவில் தீவுகள், ஒரு பக்கம் மதராஸ் சாப்பர்களின் ராணுவ வளாகம், பக்கத்திலேயே தமிழ்ச் சங்கம், கரையோரம் திருவள்ளுவர். 1991-இலிருந்து 2009 ஆகஸ்ட் வரை பதினெட்டு ஆண்டு அந்தச் சிலை துணி போர்த்தி நின்றது. ஒன்றரை ஆண்டு முகத்தை மூடிக்கொள்ள நாம் இவ்வளவு அலுத்துக்கொள்கிறோமே என்று அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன். நடந்தே போகலாம் என்பதால் வண்டியில் இன்னொருவரோடு மூச்சைப் பங்கிட வேண்டியதில்லை. அல்சூருக்கு உள்ள ஒரே சாதகம் அதுதான். பாதகங்களுக்குக் குறைவில்லை. ஏரியைச் சுற்றி வேலி, உள்ளே போக வாசல் வழிதான், காலையில் நடைப்பயிற்சிக்காரர்கள் எல்லோரும் அதே வாசலில் நுழைகிறார்கள். தூண்டில் போட அனுமதியும் இல்லை. வேலிக்கு வெளியே நின்று கம்பி வழியாக நரம்பை விடும் பையன்களைப் பார்த்திருக்கிறேன். அதைச் செய்யாதே என்று மருமகனிடம் சொல்லிவிட்டேன்.

அனுமதி இருந்தால்கூட அங்கே மீன் பிடிக்க எனக்கு மனம் வராது. 2016 மார்ச்சில் ஒரு காலை எழுந்து போனபோது ஆயிரக்கணக்கான மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு கரையோரம் ஒதுங்கியிருந்தன. சாக்கடை கலந்த ஏரியில் பாசி கொழுக்கும். பகலில் அந்தப் பாசி உயிர்வாயுவைத் தரும், இரவில் அதுவே இழுத்துக்கொள்ளும். விடியும் நேரத்தில் தண்ணீரில் உயிர்வாயு மிகக் குறைந்த அளவுக்கு வந்துவிடும். கோடையில் தண்ணீர் சூடேறினால் உயிர்வாயு கரைவது இன்னும் குறையும், அதோடு ஒரு மழை சாக்கடையை அடித்துக்கொண்டு வந்தால் முடிந்தது கதை. மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடும். புதிதாகத் தூண்டில் பிடித்தவர்கள் அதைப் பார்த்து, மீன் துள்ளுகிறது, நல்ல நேரம் என்று நினைத்துக்கொள்வார்கள். அது மூச்சுத் திணறல். ஊரே உயிர்வாயுவுக்குத் தவித்த இந்த ஏப்ரலையும் மே மாதத்தையும் பெங்களூருவில் கழித்த எனக்கு அந்தக் காட்சியைப் பார்க்கத் தெம்பு இல்லை. எந்த ஏரியானாலும் விடியலில் மீன் மேற்பரப்பில் வாய் பிளந்தால் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு திரும்பிவிடுங்கள். அதைப் பிடித்துச் சமைப்பதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

சாங்கி, மடிவாளா, அகரா, ஹெப்பாள் என்று நகருக்குள் உள்ள மற்ற ஏரிகளுக்கும் ஏறத்தாழ இதே தீர்ப்புதான்: வேலி, வாசல், மாநகராட்சி வைத்த நேரம், மீன் பிடிக்கக் கூடாது என்ற பலகை. ஜக்கூர் ஏரியை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு கோடி லிட்டர் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையத்திலிருந்து வெளிவரும் தண்ணீர், நாணலும் சம்பும் வளர்ந்த ஈரநிலத்தின் வழியாக வடிந்து அந்த ஏரிக்குள் வருகிறது. அதனால் மற்ற ஏரிகளைவிட அங்கே நாற்றம் குறைவு, நாரை அதிகம். குத்தகை எடுத்த மீனவர்கள் பரிசலில் வலை போட்டுக் காலையில் கரையிலேயே மீன் விற்கிறார்கள். அங்கே தூண்டில்காரனாகப் போகாமல், பையோடு மீன் வாங்குகிறவனாகப் போகலாம். அதைப் பிறகு சொல்கிறேன்.

மேற்கும் வடமேற்கும் சீக்கிரம் முடிந்துவிடும். ஹெசரகட்டா என்ற பெயரைக் கேட்டுத் தூண்டிலோடு கிளம்புகிறவர்கள் நிறைய. அர்க்காவதியின் குறுக்கே 1894-இல் கட்டிய ஏரி அது, ஒரு காலத்தில் நகருக்குக் குடிநீர் கொடுத்தது. ஆனால் நிரம்பி எத்தனையோ ஆண்டாகிவிட்டது. இப்போது போனால் புல்வெளியும், அதில் வட்டமடிக்கும் ஜீப்புகளும், புகைப்படம் எடுக்க வந்த மணமக்களும்தான். திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கம் குடிநீர் வாரியத்தின் கையில் இருக்கிறது, உள்ளே விடமாட்டார்கள். மஞ்சனபெலெ அழகான இடம்தான். நீந்தத் தெரியாத பிள்ளைகள் இறங்கி உயிரை விட்ட இடமும் அதுதான். மருமகனுக்கு நீச்சல் தெரியாது, ஆகவே அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

காவிரிக்குப் போகலாமா என்று அவனே கேட்டான். அங்கே மஹ்சீர் என்ற பெரிய ஆற்று மீன் உண்டு, காவிரியில் சேரும் கபினியில் 1946-இல் 120 பவுண்டு எடையுள்ள ஒன்றைத் தூண்டிலில் பிடித்தார்கள் என்று எங்கோ படித்திருக்கிறான். உண்மைதான். ஆனால் பீமேஸ்வரி, காலிபோரே பகுதியெல்லாம் காவிரி வனவிலங்குச் சரணாலயத்துக்குள் வருகிறது. ஒரு காலத்தில் பிடித்துவிட்டுத் திரும்ப விடும் முகாம்கள் அங்கே நடந்தன, அவற்றையும் நிறுத்திப் பல ஆண்டாகிறது. திமில் கொண்ட அந்த மஹ்சீர் இப்போது அழிவின் விளிம்பில் உள்ள உயிர்களின் பட்டியலில் இருக்கிறது. கூட்டம் இல்லாத இடம் என்பதற்காக அங்கே போனால் வனத்துறையின் வழக்கு வரும். அதுவும் நியாயமான வழக்கு.

தமிழ்நாட்டுப் பக்கம் போவது சொந்த ஊருக்குப் போவது போன்ற ஆசை. கிருஷ்ணகிரி அணை பெங்களூருவிலிருந்து 90 கிலோமீட்டர் இருக்கும். அணைக்கு வெளியே மீன் வறுத்துத் தரும் கடைகளின் மிளகாய் நெடி சாலை வரை வரும். என் மனைவிக்கு அந்த வறுவலுக்காகவே போக வேண்டும். ஆனால் மாநிலம் விட்டு மாநிலம் பஸ் இன்னும் ஓடவில்லை. அத்திப்பள்ளியில் இறங்கி, எல்லையை நடந்து கடந்து, ஜூஜூவாடியில் வேறு பஸ் பிடிக்கிறார்கள். சொந்த வண்டியில் போனால் சோதனைச் சாவடியில் பதில் சொல்ல வேண்டும். ஒகேனக்கல்லில் பரிசல் சவாரி இன்னும் தொடங்கவில்லை.

இவற்றையெல்லாம் சமாளித்தாலும் எனக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. அல்சூர் ஏரியிலிருந்து வழிவது பெல்லந்தூருக்குப் போகிறது, அங்கிருந்து வர்த்தூர், அங்கிருந்து தென்பெண்ணை. ஓசூருக்குப் பக்கத்தில் கெலவரப்பள்ளி அணையில் மதகைத் திறந்தால் நுரை பொங்குகிறதே, அந்த நுரையில் எங்கள் தெருவின் சோப்பும் இருக்கிறது. அதற்குக் கீழேதான் கிருஷ்ணகிரி அணை. மனிதர்கள் எல்லையில் நின்று காகிதம் காட்டுகிறார்கள், நம் சாக்கடைக்கு மட்டும் எந்த அனுமதிச் சீட்டும் தேவையில்லை. 90 கிலோமீட்டர் வண்டி ஓட்டிப் போய் நம் வீட்டுத் தண்ணீரையே சந்திப்பதற்கு, பொறுத்திருந்து பஸ் ஓடத் தொடங்கியபின் வறுவலுக்காக மட்டும் போகலாம்.

ஆகவே பழைய மதராஸ் சாலையில் கிழக்கே போவதுதான் என் கணக்கில் நிற்கிறது. ஹொசகோட்டை ஏரியும் தென்பெண்ணையின் வழியில்தான் இருக்கிறது. நந்தி மலைப் பக்கம் பிறந்து வரும் ஆறு, பெல்லந்தூர் தண்ணீர் வந்து சேருமுன்பே ஹொசகோட்டையைத் தொட்டுவிடுகிறது. அதே ஆற்றில் நமக்கு மேலே போகிறோம், அவ்வளவுதான். அல்சூரிலிருந்து 25 கிலோமீட்டர் சொச்சம், திருப்பமே இல்லாத சாலை. இன்னும் தள்ளி நரசாபுரா, கோலார் ஏரிகள் இருக்கின்றன. 2018-இலிருந்து பெங்களூருவின் சுத்திகரித்த கழிவுநீரைக் குழாயில் கொண்டுபோய் அந்த வறண்ட ஏரிகளில் விடுகிறார்கள். பல ஆண்டாகக் காய்ந்து கிடந்த இடத்தில் தண்ணீரும் அதில் மீனும் வந்திருப்பதில் அந்த ஊர்க்காரர்களுக்குச் சந்தோஷம். மூன்றாம் கட்டச் சுத்திகரிப்பு இல்லாமல் விடுகிறார்களே என்று கேட்பவர்களும் அங்கேயே இருக்கிறார்கள். பிடித்து விடுவதானால் கோலார் சரி, பிடித்துத் தின்பதானால் எனக்கு யோசனைதான்.

ஹொசகோட்டையிலும் அதே நெரிசலைத்தானே முதலில் சொன்னீர்கள் என்று கேட்கலாம். ஆமாம். ஆனால் அந்த நெரிசல் ஞாயிற்றுக்கிழமைக்கும் அந்த ஒரு சரிவுக்கும் உரியது. அங்கே வேலியும் வாசலும் கிடையாது. பரிசல் துறையை விட்டுக் கரைமேல் இருபது நிமிடம் நடந்து கோடியைத் தாண்டினால் ஆளுக்கு ஒரு பனைமர இடைவெளி கிடைக்கும். (கோடி என்றால் ஏரி நிரம்பி வழியும் இடம். கன்னடத்திலும் அதே சொல்தான். தண்ணீர் திறந்துவிடும் தூம்பை அவர்கள் தூபு என்பார்கள். ஏரி விஷயத்தில் இரண்டு மொழிக்கும் சண்டை வந்ததாகத் தெரியவில்லை.) எல்லோரும் துறையிலேயே நிற்பதற்குக் காரணம் சோம்பல்தான். வண்டி கண்ணில் படவேண்டும், டீ கைக்கெட்ட வேண்டும், பரிசல் வரும் இடத்தில்தான் மீன் இருக்கும் என்ற நம்பிக்கையும் உண்டு. அந்த நம்பிக்கை தப்பு. நாள் முழுக்க மனிதக் கால் கலக்கும் கரையில் கெண்டை நிற்காது. காற்று எந்தக் கரையை நோக்கி அடிக்கிறதோ அந்தப் பக்கம் இரை ஒதுங்கும், மீனும் அங்கேதான் வரும். இந்த ஜூலையில் தென்மேற்குக் காற்று, ஆகவே வடகிழக்குக் கரை. துறை எங்கே இருக்கிறது என்பதைப் பார்க்காமல் காற்றைப் பார்த்து நடந்தால் கூட்டமும் குறையும், மீனும் கிடைக்கும்.

யாருடைய மீன் என்பதையும் பார்க்க வேண்டும். இந்த ஏரிகளில் கட்லாவும் ரோகுவும் மிர்காலும் தானாக முளைக்கவில்லை. மீன்வளத் துறை ஏரியைக் குத்தகைக்கு விடுகிறது. எடுத்தவர் பணம் கட்டி, மீன்குஞ்சு வாங்கி விட்டு, மாதக்கணக்கில் காவல் காக்கிறார். சென்ற ஆண்டு முதல் ஊரடங்கில் மீன்பிடிக்கும் மீன் வளர்ப்புக்கும் 2020 ஏப்ரல் 10-இல் விலக்குக் கொடுத்தார்கள், ஆனால் மீனை வாங்கச் சந்தை வேண்டுமே. இந்த ஆண்டும் இரண்டு மாதம் ஊரடங்கு. இப்போது மேற்குக் கடலில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுத் தடை. மங்களூரு மீன் குறைவாக வருகிறது, ரஸல் மார்க்கெட்டில் ஏரி மீனுக்குக் கிராக்கி. குத்தகை எடுத்தவர்கள் கொஞ்சம் காசு பார்க்கும் மாதம் இது. அந்தச் சமயத்தில் நாற்பத்தொரு வண்டியில் வந்து அவர் துறையை மறித்துக்கொண்டு அவர் மீனையே பிடித்துப் பையில் போட்டுக்கொண்டு போவதற்கு விளையாட்டு என்று பெயர் வைக்க முடியாது. முதலில் குத்தகைதாரரைத் தேடிக் கேட்க வேண்டும். ஜிலேபியும் கெளுத்தியும் பிடித்துக்கொள், கட்லா மாட்டினால் விட்டுவிடு என்று என்னிடம் ஒருவர் சொல்லியிருக்கிறார். அவர் விட்ட குஞ்சு கட்லா, ஜிலேபி அழையா விருந்தாளி. இன்னொருவர் முடியாது என்றார். வணக்கம் சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

கட்டணக் குளங்களைப் பற்றி மருமகனின் நண்பர்கள் ஆஹா ஓஹோ என்கிறார்கள். பண்ணை வைத்திருப்பவர்கள் குளம் வெட்டி, ரூப்சந்தும் ஜிலேபியும் விட்டு, மணிக்கணக்கில் காசு வாங்கிக்கொண்டு தூண்டில் போட விடுகிறார்கள். கோட்பாட்டளவில் தொற்றுக் காலத்துக்கு இதைவிடப் பொருத்தமானது கிடையாது: முன்பதிவு உண்டு, ஆள் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு, கழிப்பறை உண்டு, கேட்கவேண்டிய குத்தகைதாரர் நம்மிடமே காசு வாங்கிக்கொள்கிறார். எந்தத் துறையையும் மறிக்கவில்லை என்ற நிம்மதியும் இருக்கும். குழந்தையோடு போகிறவர்களுக்கும் பெண்களுக்கும் ஏரிக்கரையைவிட இது நிச்சயம் வசதி.

நடைமுறை வேறு. பெயர் சொல்லாமல் விடுகிறேன். சென்ற டிசம்பரில் அப்படி ஒரு பண்ணைக்குத் தொலைபேசியில் பேசிவிட்டுப் போனோம். காலையில் பத்துப் பேர்தான் என்றார்கள். போய்ப் பார்த்தால் முப்பதுக்கும் மேல். சரி, குளத்தைச் சுற்றி நின்றால் பரவாயில்லை என்று இடம் பிடித்தோம். பத்து மணிக்குத் தூறல் பிடித்தது. அத்தனை பேரும் ஒரே தகரக் கொட்டகைக்குள் ஓடினார்கள். தூண்டில் வாடகைக்குக் கொடுப்பதும் அங்கேதான், இரை மாவு பிசைந்து வைத்திருந்த அண்டாவும் அங்கேதான், கை கழுவ ஒரே குழாய், சாப்பாட்டுக்கு ஒரே மேசை. நானும் என் மனைவியும் ஒரு மணி நேரம் மாமரத்தடியில் நனைந்துகொண்டு நின்றோம். மீன் பிடித்த நேரம் நாற்பது நிமிடம் இருக்கும். எனக்கு மாட்டிய ரூப்சந்தின் உதட்டில் ஏற்கெனவே மூன்று பழைய முள் காயங்கள். பாவம், அதற்கும் அது வேலை நாள்தான்.

ஆகவே கட்டணக் குளத்துக்குப் போவதானால் மூன்றைக் கேட்டுவிட்டுப் போங்கள். மழை வந்தால் எங்கே ஒதுங்குவது, தூண்டிலும் இரையும் நாமே கொண்டுவரலாமா, வார நாளில் எத்தனை பேர் வருகிறார்கள். பதில் இழுத்தடித்து வந்தால் போக வேண்டாம். சொந்தச் சோற்றுப் பொட்டலமும் குடையும் இருந்தால் பாதிச் சங்கடம் தீர்ந்துவிடும்.

எந்த இடத்துக்குப் போனாலும், மீன் பிடிக்கும் மூன்று மணி நேரத்தைவிடப் போகவர ஆகும் இரண்டு மணி நேரம்தான் எனக்குக் கவலை. நாலு நண்பர்கள் ஒரு காரில், மழைக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, பாட்டுக்கு மேல் கத்திப் பேசிக்கொண்டு போய், ஏரிக்கரையில் இறங்கியதும் ஆளுக்கு ஆறடி தள்ளி நிற்பதை நானே பார்த்திருக்கிறேன். திறந்த வெளியில் அவ்வளவு இடைவெளி விட்டுவிட்டு, மூடிய பெட்டிக்குள் தோளோடு தோள். மருமகன் அவன் வண்டியில் வரட்டும், நான் என் ஸ்கூட்டரில் வருகிறேன். வீட்டில் எண்பத்திரண்டு வயது அம்மா இருக்கிறாள். கோவிஷீல்டு இரண்டாம் தவணைக்குப் பன்னிரண்டிலிருந்து பதினாறு வாரம் என்று மே மாதத்தில் இடைவெளியை நீட்டியதில் எனக்கும் அவளுக்கும் இரண்டாம் ஊசி இந்த மாதக் கடைசியில்தான்.

கிழமை விஷயத்தில் மருமகனுக்கு ஒரு சலுகை இருக்கிறது, அதை அவன் உணரவில்லை. அவனுக்கு முதல் கூட்டம் பத்து மணிக்கு. இரவு ஊரடங்கு காலை ஐந்து மணிக்கு முடிகிறது. ஐந்துக்குக் கிளம்பினால் ஆறுக்கு முன் ஹொசகோட்டை, எட்டரைக்குக் கிளம்பினால் ஒன்பதரைக்கு வீடு. வீட்டிலிருந்து வேலை பார்ப்பவன் எதற்கு ஞாயிற்றுக்கிழமை போக வேண்டும்? கடைக்காரர்களும் கட்டட வேலைக்காரர்களும் வருவதற்கு அந்த ஒரு நாள்தான் உண்டு, அதை அவர்களுக்கு விட்டுவிடலாம். செவ்வாய்க்கிழமை காலை ஹொசகோட்டையில் நான் இரண்டு முறை இருந்திருக்கிறேன். கரையில் என்னையும் ஒரு கன்றுக்குட்டியையும் தவிர இரண்டு பேர். சுமாரான இடத்தில் நல்ல கிழமை, நல்ல இடத்தில் தப்பான கிழமை என்று இரண்டில் ஒன்றை எடுக்கச் சொன்னால் நான் கிழமையைத்தான் எடுப்பேன்.

அக்காவும் வருகிறேன் என்கிறாள், கூடவே ஐந்து வயதுப் பேத்தி. அவர்களுக்கு ஏரிக்கரை வேண்டாம். வேறொரு கட்டணக் குளத்தில் கேட்டு வைத்திருக்கிறேன். வியாழக்கிழமை எங்களைத் தவிர ஒரு குடும்பம்தான் என்று சொல்லியிருக்கிறார்கள், கொட்டகை இரண்டு என்றும் சொன்னார்கள். பார்ப்போம்.

என் சொந்தத் தேர்வைக் கேட்டால், இந்த மாதம் நான் அதிகம் போவது ஜக்கூருக்குத்தான், தூண்டில் இல்லாமல். ஏழு மணிக்கு மேல் பரிசல் கரையேறும். பத்தடி தள்ளி நின்று, எனக்கு முன் வந்தவர் போனபின் முன்னே போய், ஒரு கிலோ ரோகுவைச் செதில் நீக்கித் தரச் சொல்வேன். நகரத்து ஏரி எதையும் நம்பிச் சாப்பிட மாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவன்தான். ஈரநிலம் வழியாக வடியும் தண்ணீரைப் பார்த்தபின் இந்த ஒன்றுக்கு மட்டும் விலக்கு. அதுவும் மாதம் இரண்டு முறை. மனைவி புளி கொஞ்சம் தூக்கலாகப் போடுகிறாள், ஏரி வாடை போக வேண்டும் என்று. தூண்டில் ஆசையை அது தீர்க்காதுதான். பரிசலைக் கவிழ்த்துத் தலைமேல் தூக்கிக்கொண்டு பரிசல்காரர் கரையேறுவதைப் பார்த்தால் பாதி தீர்கிறது.

மருமகனுக்குச் செவ்வாய்க்கிழமை என்று சொல்லிவிட்டேன். மாட்டியதையெல்லாம் தண்ணீரிலேயே விட்டுவிடுவது என்று ஒப்பந்தம், குத்தகைதாரர் சம்மதித்தால் இரண்டு ஜிலேபி மட்டும். புது ராடுக்கு ஆறாம் எண் முள் போதும், தங்கூஸ் நரம்பு மெல்லியதாக இருக்கட்டும், ஈயக்குண்டு சின்னது. மண்புழு எங்கள் மொட்டை மாடித் தொட்டியில் வேண்டிய மட்டும் இருக்கிறது. டப்பாவை அவன் கொண்டுவரட்டும். கூடவே டீயும் அவன் வீட்டிலிருந்தே வரட்டும், ஆளுக்கொரு பிளாஸ்க்கில்.